அறுபத்தொரு கமெண்ட்டுகள்

எங்கள் அலுவலகத்தில் ஹெட்போன் அக்கா என்றால் எல்லோருக்கும் தெரியும். காலை ஒன்பதரைக்கு வருவார், பையை நாற்காலியின் முதுகில் மாட்டுவார், கறுப்பு ஹெட்போனை எடுத்துத் தலையில் போட்டுக்கொள்வார். அதன் வயர் எங்கேயும் செருகியிருக்காது, மேசை விளிம்பில் சும்மா தொங்கும். நான் சேர்ந்த புதிதில், "அக்கா, வயர் கழண்டிருக்கு" என்று சொன்னேன். "தெரியும்மா. இதைப் போட்டிருந்தா யாரும் வந்து பேச மாட்டாங்க" என்றார். எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. நான் அவர் இருக்கும் குழுவுக்கு மேற்பார்வையாளர். அவரோடு பேசுவதுதான் எனக்கு வேலை.

அக்காவுக்கு ஐம்பத்து நான்கு வயது. இதற்கு முன் இருபது வருடம், டாக்டர்கள் பேசிப் பதிவு செய்து அனுப்புவதைக் கேட்டுத் தட்டச்சு செய்து கொடுத்தவர். ஹெட்போன் அங்கிருந்து கூடவே வந்துவிட்டது. டாக்டர் இருமினாலும், வாயில் எதையோ மென்றுகொண்டே பேசினாலும், மருந்தின் பெயரைச் சரியாகப் பிடித்துவிடுவாராம். "ஒருத்தர் ரெண்டு வரி பேசினாப் போதும், யாருன்னு சொல்லிடுவேன்" என்பார். சும்மா பெருமை அடிக்கிறார் என்று நினைத்திருந்தேன்.

நாங்கள் செய்யும் வேலையை வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். சமூக வலைத்தளங்களில் மக்கள் எழுதுவதை ஆராய்ச்சி செய்கிறவர்களுக்காக வகை பிரித்துக் கொடுக்கிறோம். அந்தத் தடவை வந்தது தடுப்பூசி. ஏழு நாடுகளில் இருக்கும் தமிழ் பேசுகிறவர்கள் தடுப்பூசியைப் பற்றி நான்கு வருடமாக எழுதித் தள்ளியதை எல்லாம் ஒரே கோப்பில் கொட்டிக் கொடுத்திருந்தார்கள். எழுதியவர் பெயர் இருக்காது, ஓர் எண் மட்டும் இருக்கும். நாட்டுக்கும் பெயர் கிடையாது, நாடு 1, நாடு 2 என்று ஏழு வரை. ஒவ்வொரு கமெண்ட்டையும் படித்து எதிரில் உள்ள கட்டத்தில் நான்கில் ஒன்றைப் போட வேண்டும்: எதிர்ப்பு, தயக்கம், ஆதரவு, சம்பந்தமில்லை.

நாடு மாறியதே தவிர சண்டை மாறவில்லை. ஊசி மருந்துக்குள் கண்ணுக்குத் தெரியாத கம்பி இருக்கிறது என்று நாடு 2-ல் ஒருவர் கிளப்பிவிடுவார், நாடு 5-ல் ஒருவர் தன் கண்ணால் பார்த்ததாகச் சத்தியம் செய்வார். நாடு 3-ல் இருந்து ஒரு டாக்டர் பொறுமையாகப் பத்தி பத்தியாக விளக்குவார், அதற்குக் கீழே நாடு 1-ல் இருந்து ஒருவர் "உனக்கு எவ்வளவு குடுத்தாங்க?" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். நடுவே ஒருவர் முடி கொட்டாமல் இருக்க எண்ணெய் விற்பார். மூன்றாம் வாரம், பக்கத்து வீட்டுக்காரர் நலம் விசாரித்தால்கூட அதற்கு எந்த வகை போடலாம் என்று என் மனம் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது.

ஒரே கமெண்ட்டை இரண்டு பேர் தனித்தனியாகப் படிக்க வேண்டும். ஒருவர் போட்டதை மற்றவர் பார்க்கக் கூடாது. எல்லாம் முடிந்த பிறகு, ஒத்துவராத இடங்களை மட்டும் எடுத்து, இரண்டு பேரையும் எதிரெதிரே உட்காரவைத்துப் பேசித் தீர்ப்போம். அக்காவுக்கு ஜோடி ரூல் சார். ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியர். எங்கள் விதிப் புத்தகத்தைத் தன் கைக்காசில் அச்செடுத்து, பக்கத்துக்குப் பக்கம் மஞ்சள் சீட்டு ஒட்டி வைத்திருக்கும் ஒரே மனிதர். கடைசி அறையில் உட்காருவார், வாசலில்கூட எட்டிப் பார்க்க மாட்டார்.

இன்னொரு விதியும் உண்டு. எழுதியவர் யார் என்று தேடக் கூடாது, தெரிந்தவர் என்று பட்டால் உடனே எழுந்து வந்து என்னிடம் சொல்ல வேண்டும். இதற்கு எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினேன். முதலில் போட்டவர் அக்காதான். கையெழுத்துப் போடுவதில் அவருக்கு எப்போதுமே தயக்கம் கிடையாது.

இனி சொல்வது அக்கா பிறகு என்னிடம் சொன்னது.

இரண்டாம் வாரம் செவ்வாய்க்கிழமை, சாப்பிடப் போகும் முன் அவர் திரையில் இந்த வரி வந்தது: "என் பொண்ணு பார்சல் இல்ல, வீட்ல இருக்கறவங்க யார் வேணா கையெழுத்து போட்டு வாங்கி வைக்க." எழுதியவர் எண் 2063. நாடு 7.

அந்த வரியை அவர் ஏற்கெனவே கேட்டிருக்கிறார், ஒரு சொல் மாறாமல். ஆறு வருடத்துக்கு முன், அவர் வீட்டுக் கூடத்தில், அவர் தங்கையின் வாயிலிருந்து.

தங்கை பதினொரு வயது இளையவள். அவளுக்கு ஒன்பது வயதாகும்போது அம்மா போய்விட்டார், அப்பா அதற்கும் முன்பே. அன்றிலிருந்து தங்கைக்கு எல்லாம் அக்காதான். மதிப்பெண் அட்டை, விடுதி விண்ணப்பம், குடல்வால் அறுவை சிகிச்சைக்குச் சம்மதம் என்று எந்தத் தாளாக இருந்தாலும், 'பெற்றோர் அல்லது பாதுகாவலர்' என்ற கோட்டின் மேல் அக்காவின் இடது கைக் கையெழுத்து சாய்ந்து நிற்கும். தங்கை படித்து, வேலைக்குப் போய், கல்யாணமாகிக் கடல் தாண்டிப் போன பிறகும் அந்தப் பழக்கம் நிற்கவில்லை. அவள் பெயரில் ஒரு தாள் கண்ணில் பட்டால் அக்காவின் கை தானாகப் பேனாவைத் தேடும்.

குழந்தைக்கு ஒன்றேகால் வயதாகும்போது தங்கை ஒரு மாதம் வந்து தங்கினாள். தடுப்பூசி அட்டையில் ஓர் ஊசி தள்ளிப்போயிருந்தது. "எங்கெங்கயோ என்னென்னமோ எழுதறாங்கக்கா, எனக்கு பயமா இருக்கு. திரும்பிப் போய் எங்க டாக்டர்கிட்ட நாலு கேள்வி கேட்டுட்டுப் போடறேன். கொஞ்சம் யோசிக்கணும்" என்று சொல்லியிருந்தாள். இருபது வருடம் டாக்டர் குரலையே காதில் வாங்கியவருக்கு இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று தோன்றியது. ஒரு நாள் தங்கை தோழியைப் பார்க்கப் போயிருந்த நேரம், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு இரண்டு தெரு தள்ளி இருந்த கிளினிக்குக்குப் போனார். ஊசி போட்டார்கள். அட்டையை நீட்டினார்கள். அக்கா கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் மதியம் குழந்தைக்குக் காய்ச்சல் ஏறியது. ஏறிய வேகத்தில் வலிப்பு வந்தது. ஒரு நிமிடம்கூட இருக்காது. டாக்டர் பார்த்துவிட்டு, காய்ச்சல் வேகத்தில் சில குழந்தைகளுக்கு இப்படி வரும், பயப்பட ஒன்றுமில்லை என்றார். சாயங்காலமே குழந்தை எழுந்து உட்கார்ந்து டப்பாவைத் தட்டிக்கொண்டிருந்தது. ஆனால் அந்த ஒரு நிமிடமும் அது தங்கையின் மடியில் கிடந்தது. வீட்டுக்கு வந்ததும் தங்கை அட்டையை எடுத்துப் பார்த்தாள், கையெழுத்தைப் பார்த்தாள், அந்தப் பார்சல் வரியைச் சொன்னாள்.

அதற்கு அக்கா என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அக்கா சொன்னது இது: "டாக்டரே ஒண்ணுமில்லேன்னு சொல்லிட்டார். படிச்சவ பேசற பேச்சா இது?"

நான்காம் நாள் தங்கை டிக்கெட்டை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டாள். போகிற அவசரத்தில் அட்டை மேசையிலேயே தங்கிவிட்டது. அக்கா அதற்குப் பிறகு இரண்டு வருடம் அவளுக்கு லிங்க் அனுப்பினார். டாக்டர் பேட்டி, ஆராய்ச்சி முடிவு, எந்த நோய் எந்த வருடம் எவ்வளவு குறைந்தது என்ற வரைபடம். எல்லாம் உண்மையான செய்திதான், தேடித் தேடி எடுத்தவை. ஒரு நாள் அனுப்பியது போய்ச் சேரவில்லை. தங்கை அவரை பிளாக் செய்துவிட்டாள். அதற்கப்புறம் தங்கையின் கணவர் மட்டும் வருடத்துக்கு ஒரு தடவை, வருடப் பிறப்பன்று, ஒற்றை வரியில் வாழ்த்து அனுப்புவார். அதில் குழந்தையைப் பற்றி ஒன்றும் இருக்காது.

இப்போது அந்தத் தங்கை, பெயர் இல்லாமல், 2063 என்ற எண்ணாகத் திரையில் நிற்கிறாள். விதிப்படி அக்கா எழுந்து என் மேசைக்கு வந்திருக்க வேண்டும். எட்டு அடி தூரம். வரவில்லை. தேடும் கட்டத்தில் 2063 என்று அடித்தார். அறுபத்தொரு கமெண்ட்டுகள் வரிசையாக வந்து நின்றன. வேறு ஒன்றைக்கூடப் படிக்கும் முன்பே முதல் கட்டத்தில் 'எதிர்ப்பு' என்று போட்டு, அதன் மூலையைப் பிடித்துக் கடைசி வரைக்கும் கீழே இழுத்து, அறுபத்தொன்றிலும் அதையே நிரப்பிவிட்டார். தங்கை எந்தப் பக்கம் என்று அவருக்குத் தெரியாதா என்ன?

எங்கள் வேலையில் செய்யவே கூடாத காரியம் அது. எழுதியதைப் பார்த்துத்தான் வகை போட வேண்டும், எழுதிய ஆளைப் பார்த்துப் போடக் கூடாது. புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாள் முதல் மணி நேரம் நான் சொல்லிக்கொடுப்பதே இதைத்தான். அக்காவுக்கும் சொன்னேன், ஹெட்போனை மீறி.

கட்டத்தை நிரப்பியாகிவிட்டது, இனி நிதானமாகப் படிக்கலாம் என்று அக்கா உட்கார்ந்தார். ஒரேயடியாகப் படித்துத் தீர்த்துவிட மனம் வரவில்லை. காலையில் வந்ததும் ஒன்று, சாப்பிட்ட பிறகு ஒன்று, கிளம்பும்போது ஒன்று என்று வைத்துக்கொண்டார். தங்கை யாரோடோ காரசாரமாகச் சண்டை போடுவாள், நடுவில் குழந்தை வந்துவிடும். "முன் பல்லு ரெண்டும் விழுந்திருக்கு, பேசினா காத்துதான் வருது. இந்தச் சின்ன உடம்பைப் பத்திதான் பேசறோம்னு ஞாபகம் வெச்சுக்கங்க." "இன்னைக்கு சைக்கிள்ல விழுந்து முட்டி பேந்துடுச்சு. அதுக்கே நான் அழுதுட்டு இருக்கேன், நீங்க எனக்கு சதவீதம் சொல்றீங்க." அக்கா ஊசி வரும் பாதியைத் தாண்டிவிட்டு, குழந்தை வரும் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார். ஆறு வருடத்தில் அவர் கையில் வேறு எதுவும் இருந்ததில்லை. ஒரு போட்டோ கிடையாது, ஒரு குரல் கிடையாது. உலகத்தில் ஊசியைத் திட்டி எழுதியதைப் படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்ட ஒரே ஆள் அக்காவாகத்தான் இருக்க வேண்டும்.

ஒரு கமெண்ட்டில் இப்படி இருந்தது: "இவ இடது கைல எழுதறா. ஸ்கூல்ல யாரும் மாத்தச் சொல்லல. அவ கை, அவ இஷ்டம்." அன்று சாப்பாட்டு நேரம் முழுவதும் அக்கா தன் இடது கையை மேசை மேல் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாராம். எனக்கு அது தெரியாது. நான் பார்த்தது வேறு. ஒரு நாள் மூன்று மணி வாக்கில் அவர் எங்கள் அறைக் கதவுக்குப் பக்கத்தில் நின்று, தாழ்ப்பாள் உயரத்துக்கு உள்ளங்கையைக் கிடையாகப் பிடித்துக்கொண்டிருந்தார். "கதவு சரியா மூடலையாக்கா?" என்று கேட்டேன். "இல்லம்மா, இவ்ளோ உயரம் இருக்கும்னு பார்த்தேன்" என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டார். கதவுத் தாழ்ப்பாள் எட்ட ஆரம்பித்துவிட்டாள் என்று தங்கை எழுதியிருந்தாளாம். வயதாகிறது, ஏதோ குழம்புகிறார் என்று நான் நினைத்தேன். நினைத்ததற்கு இப்போது வெட்கமாக இருக்கிறது.

கோப்பு முடிந்தால் எங்களிடமிருந்து திரும்பப் போய்விடும். அதனால் அக்கா முடிக்காமல் இருந்தார். ஒரு நாளைக்கு முந்நூறு பார்க்கிறவர் எழுபதில் நின்றார். கண் எரிகிறது என்றார், கணினி அடிக்கடி நின்றுபோகிறது என்றார், ஏற்கெனவே போட்டதை ஒரு தடவை சரிபார்க்க வேண்டும் என்றார். மூன்று முறை தவணை கொடுத்தேன். எனக்கு மேலே இருப்பவர்கள் தினமும் என்னைக் குடைந்தார்கள். கடைசியில் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டேன்: "வெள்ளிக்கிழமைக்கு மேல ஒரு நாள்கூட கிடையாதுக்கா." சரி என்றார். அறுபத்தொன்றில் பதினாறு மீதம் இருந்தன. வெள்ளிக்கிழமை காலை சேர்த்து வைத்துப் படிக்கலாம் என்று கணக்குப் போட்டிருந்தார். எனக்கு அவர் மேல் நம்பிக்கை இல்லை. வியாழக்கிழமை சாயங்காலமே கோப்பைப் பூட்டிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்குக் கூட்ட அறையில் உட்கார்ந்தோம். ஒரு பக்கம் அக்கா, ஹெட்போன் கழுத்தில். எதிரில் ரூல் சார், கையில் சிவப்புப் பேனா. நடுவில் நான்.

"நூத்தி மூணு இடத்துல ஒத்துவரல. அதுல நாப்பத்தி நாலு ஒரே ஆளோடது. 2063" என்று ஆரம்பித்தேன்.

"அந்தம்மா நல்லா ஞாபகம் இருக்காங்க. மொத்தம் அறுபத்தொண்ணு. பதினேழு எதிர்ப்பு, ஒத்துக்கறேன். மிச்சம் எதிர்ப்பு கிடையாது. நாப்பத்தி மூணுக்கு சம்பந்தமில்லைன்னு போட்டிருக்கேன்" என்றார் ரூல் சார்.

அக்கா சட்டென்று நிமிர்ந்தார். "எல்லாமே எதிர்ப்புதான் சார். இவங்க அப்படித்தான்."

"எவங்க அப்படித்தான்?"

அக்கா ஹெட்போன் வயரை விரலில் சுற்றிக்கொண்டார்.

"மேடம், எழுதினதை மட்டும் பாருங்க." சார் விதிப் புத்தகத்தைத் திறக்காமலே விதியைச் சொன்னார். திரையில் பார்சல் வரி வந்தது. அதைச் சத்தமாகப் படித்துவிட்டு, "இதுல ஊசி எங்க இருக்கு?" என்று கேட்டார்.

"கையெழுத்துன்னா ஊசிக்குப் போட்ட கையெழுத்துதான் சார்."

"இருக்கட்டும். இந்தம்மா திட்டறது ஊசியையா, கையெழுத்துப் போட்ட ஆளையா?"

நான் அடுத்ததைத் திரையில் கொண்டுவந்தேன். சார் படித்தார்: "நான் யோசிக்கணும்னு சொன்னேன். முப்பத்தேழு வயசுல யோசிக்க எனக்கு உரிமை இல்லையாம்." அதற்கு அடுத்தது: "எனக்கு லிங்க் அனுப்பாதீங்க. ஒருத்தங்க ரெண்டு வருஷம் லிங்கா அனுப்பினாங்க. நடுவுல ஒரு வார்த்தை அவங்களோடதுன்னு வரல. நான் அதுக்குத்தான் தினமும் ஃபோனைத் திறந்து பார்த்தேன்."

இது அக்கா படிக்காமல் மிச்சம் வைத்திருந்த பதினாறில் ஒன்று. அவர் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். ரூல் சார் பார்க்கவில்லை. அவர் தன் போக்கில் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார்.

"நான் முப்பத்தஞ்சு வருஷம் பேப்பர் திருத்தினவன் மேடம். எந்தக் கேள்வி குடுத்தாலும் ஒரு பொண்ணு சுத்திச் சுத்தி ஒரே பதிலை எழுதினா, அதுதான் அவ மனசுல நிக்குதுன்னு அர்த்தம். இந்தம்மா மனசுல ஊசி நிக்கல. வீட்டு ஆளு யாரோ இவங்களை ஒரு வார்த்தை கேக்காம ஏதோ பண்ணியிருக்காங்க. அந்த ஆளு வந்து, தப்புதான்னு ஒரு தடவை சொல்லியிருந்தா, இந்தம்மா நம்ம ஃபைல் பக்கமே வந்திருக்க மாட்டாங்க."

சார் கடைசிக் கமெண்ட்டுக்கு வந்தார். "இது ஒண்ணுக்கு மட்டும் ஆதரவு போட்டிருக்கேன். யாரோ இவங்களைப் பார்த்து, அப்போ உங்க பொண்ணுக்கு ஒண்ணுமே போடலையான்னு கேக்கறாங்க. அதுக்கு இவங்க பதில்." கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தார்:

"போட்டாச்சு. பாக்கி இருந்தது எல்லாம் போட்டாச்சு. இங்க என்கிட்ட கேட்டாங்க. நான் கேட்டதுக்கெல்லாம் பதில் சொல்லிட்டு, நான் யோசிச்சு முடிக்கற வரைக்கும் காத்துட்டு இருந்தாங்க. நானே கையெழுத்துப் போட்டேன்."

அக்கா கழுத்திலிருந்து ஹெட்போனைக் கழற்றி மேசை மேல் வைத்தார். "சார், இது என் தங்கச்சி" என்றார். பிறகு, "அந்த வீட்டு ஆளு நான்தான்."

ரூல் சார் சிவப்புப் பேனாவை மூடினார். எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து அக்காவின் முன்னால் வைத்துவிட்டு, அறைக் கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு வெளியே போனார்.

அக்கா எல்லாவற்றையும் அப்போதுதான் சொன்னார். கேட்டதும் எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. மூன்று வாரமாக என்னை ஏமாற்றியிருக்கிறார், விதியை மீறியிருக்கிறார். அந்த அறுபத்தொன்றையும் மூன்றாவது ஒருவரிடம் கொடுத்து முதலிலிருந்து பார்க்கச் சொல்ல வேண்டும், அக்காவை இந்த வேலையிலிருந்து எடுத்துவிட வேண்டும். இரண்டையும் செய்தேன். ஆனால் அதற்கு முன் நான் செய்த இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், எந்த மேலதிகாரி படித்தாலும் பரவாயில்லை. பூட்டைத் திறந்து, அந்தப் பதினாறையும் திரையில் வைத்து, மடிக்கணினியை அக்கா பக்கம் திருப்பினேன். "நான் போய் டீ குடிச்சிட்டு வரேன். படிச்சு முடிங்க."

அக்கா மடிக்கணினியை மெதுவாக மூடினார். "வேணாம்மா. அவளைக் கேக்காம ஏற்கெனவே நாப்பத்தஞ்சு படிச்சுட்டேன்" என்றார். அப்புறம்தான் அழுதார். "எனக்கு அவளைப் பார்க்கணும்மா. சண்டைகூடப் போட வேணாம், நியாயம்கூடப் பேச வேணாம். அவ கதவைத் திறக்கறதை ஒரு தடவை பார்த்தாப் போதும்" என்றார். நான் மேற்பார்வையாளர் என்பதை மறந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

திங்கட்கிழமை காலை, டீ இயந்திரத்துக்குப் பக்கத்தில், அக்கா தன் ஃபோனை என்னிடம் நீட்டினார். தங்கையின் கணவர் எண்ணுக்கு ஒரு செய்தி எழுதி வைத்திருந்தார், இன்னும் அனுப்பவில்லை. மாப்பிள்ளை, இதை அவளிடம் காட்டுங்கள் என்று ஆரம்பித்து, பதினாலு வரி. நான் படித்துக்கொண்டிருக்கும்போது ரூல் சார் டம்ளரோடு வந்தார். அக்கா அவரிடமும் நீட்டினார். சார் நின்றபடியே படித்தார், பையிலிருந்து பேனாவை எடுக்கப் போய், ஃபோன் என்று ஞாபகம் வந்து விரலால் காட்டினார்.

"முதல் வரி இருக்கட்டும். ரெண்டாவது வரில டாக்டர் என்ன சொன்னார்னு எழுதியிருக்கீங்க. சம்பந்தமில்லை. மூணாவது, உன் நல்லதுக்குத்தான். சம்பந்தமில்லை. நாலு, அஞ்சு, ஆறு, அம்மா இருந்திருந்தா... மேடம், இது ரொம்ப சம்பந்தமில்லை."

அக்கா சிரித்துவிட்டார். ஒவ்வொரு வரியாக அழித்தார். கடைசியில் நின்றது இவ்வளவுதான்: "உன்னைக் கேக்காம பாப்பாவைக் கூட்டிட்டுப் போனது என் தப்பு. கையெழுத்துப் போட்டதும் தப்பு. எங்க ஆபீசுக்கு வந்த ஃபைல்ல நீ எழுதினதை, நீன்னு தெரிஞ்சும் படிச்சேன், அதுவும் தப்பு. பாப்பாவோட பழைய அட்டை என்கிட்ட இருக்கு. அனுப்பட்டுமா?"

வாழ்க்கையில் தங்கையிடம் அவர் கேட்ட முதல் கேள்வி அது என்று அக்காவே சொன்னார். அனுப்பிவிட்டு ஃபோனைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தார். அந்த அட்டையை அன்றிலிருந்து பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பையிலேயே கொண்டுவந்தார். ஒரு கெட்டியான தபால் உறையும் வாங்கி வைத்துக்கொண்டார். அட்டையை ஒரு தடவை என்னிடம் காட்டினார். நீல மையில் சாய்ந்த அந்தக் கையெழுத்து இன்னும் பளிச்சென்று இருந்தது.

வியாழக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் பதில் வந்தது. கணவரின் எண்ணிலிருந்துதான் வந்தது, ஆனால் எழுதியது யார் என்று தெரிய அக்காவுக்கு இரண்டு வரி தேவைப்படவில்லை. ஃபோனை என் பக்கமும் ரூல் சார் பக்கமும் திருப்பினார்.

"கேட்டதுக்கு சந்தோஷம்க்கா. இப்ப வேண்டாம்."

அக்கா 'எப்ப?' என்று அடித்தார். கட்டைவிரல் அனுப்பும் பொத்தானுக்கு மேலேயே நின்றது. ரூல் சார் ஏதோ சொல்ல வாயெடுத்தார், நான் காலால் அவர் நாற்காலியைத் தட்டினேன். அக்கா அந்தச் சொல்லை எழுத்து எழுத்தாக அழித்தார். 'சரிம்மா' என்று அடித்து அனுப்பினார். பையிலிருந்து அட்டையை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப உள்ளே வைத்து ஜிப்பை இழுத்தார்.

சாப்பாடு முடிந்து அவரவர் இடத்துக்குப் போனோம். பழக்க தோஷத்தில் அக்கா ஹெட்போனை எடுத்தார், தலை வரைக்கும் கொண்டுபோனார், இறக்கி வைத்துவிட்டார். "என்னக்கா, போடலையா?" என்று கேட்டேன்.

"ஃபோன் சத்தம் கேக்காமப் போயிடும்மா."

அதற்கப்புறம் வேறு எந்தச் செய்தியும் வரவில்லை. ஐந்து மாதமாகிறது. ஹெட்போன் இழுப்பறையில்தான் கிடக்கிறது.